ஒரு நாளுக்கு ஒருக்காத்தான் ஓடலாமோ? கொரோனா லொக்டவுனும் உடற்பயிற்சியும்

27 மார்ச் 2020, ஹாரோ

திங்கட்கிழமை பிரதமர் ஜோன்சன் ரீவியில ஒரு நாளுக்கு ஒரு உடற்பயிற்சி எண்டு சொன்னவர். காலமை ஓடிப்போட்டு வந்து, பின்னேரம் பிள்ளையளோட பார்க்கைச் சுத்தி நடந்தால் அது இரண்டாவது தரம். தண்டம் எழுதுவினமோ? காரில போய் இறங்கி நடக்கேலாது எண்டும் ஒரு கதை. ஆருக்காவது சட்டம் தெரிஞ்சால் சட்டத்தைச் சொல்லுங்கோ. வட்ஸ்அப்பில வந்ததைத் திருப்பி இங்க போட வேண்டாம்.

27 மார்ச் 2020, குரொய்டன்

மூன்று வேறு வேறு சாமான்களை ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறோம். 23ஆம் திகதி பிரதமர் சொன்னது பேச்சு. அரசாங்க இணையத்தளத்தில் இருப்பது வழிகாட்டல். நேற்று, 26ஆம் திகதி பிற்பகல் 1 மணிக்கு நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிதான் சட்டம். பொலிஸ் தண்டச் சீட்டு எழுதக்கூடியது கடைசியை வைத்து மட்டும்.

அதில் 6ஆம் விதியைப் பாருங்கள். நியாயமான காரணம் இல்லாமல் ஒருவரும் வசிக்கும் இடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று தொடங்குகிறது. பிறகு நியாயமான காரணங்களில் அடங்குபவை என்று ஒரு பட்டியல். அதில் உடற்பயிற்சி இரண்டாவதாக வருகிறது: தனியாகவோ, ஒரே வீட்டில் இருப்பவர்களோடோ. இவ்வளவுதான். எத்தனை தரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், காரா காலா, ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே உங்கள் பின்னேர நடைக்கு இங்கிலாந்தில் சீட்டு எழுத இடமில்லை. கூட வருவது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் எழுதலாம்.

தண்டம் முதல் தரம் 60 பவுண்ஸ், 14 நாளுக்குள் கட்டினால் 30. அடுத்தது 120, பிறகு 240, 480, 960. அதற்குமேல் ஏறாது. பாதி விலை முதல் சீட்டுக்கு மட்டும். சீட்டைக் கட்டினால் விஷயம் முடிந்தது, குற்றப் பதிவு இல்லை. கட்டாமல் விட்டால் மஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை போகலாம். அங்கே 960 என்ற கூரை கிடையாது. இதை மறந்துவிட்டு "கட்டாதே, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று ஆலோசனை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

28 மார்ச் 2020, லெஸ்டர்

சட்டத்தில் இல்லை என்று சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் மூன்று தரம் வெளிக்கிடுவார்கள். ஒரு தரம் என்பதன் நோக்கம் எண்ணிக்கை இல்லை. ஒரு நகரத்தில் ஒரே நேரத்தில் வெளியில் நிற்கிற ஆட்களின் தொகையைக் குறைப்பது. ஆளுக்கு இரண்டு தரம் என்றால் ஒடுக்கமான பாதையில் நெரிசலும் இரண்டு மடங்கு. இதற்குப் பாராளுமன்றம் எழுதித் தரவேண்டுமா?

28 மார்ச் 2020, குரொய்டன்

நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஹாரோக்காரர் கேட்டது தண்டத்தைப் பற்றி. செய்யாமல் இருப்பது நல்லது என்பதும், செய்தால் பொலிஸ் பிடிக்கலாம் என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கினால் வீதியில் நிற்கிற பொலிஸ்காரர் தன் மனதில் உள்ள விதியை அமுல்படுத்தத் தொடங்குவார்.

30 மார்ச் 2020, குரொய்டன்

தொடங்கியும் விட்டது. டர்பிஷயர் பொலிஸ் பீக் டிஸ்ரிக்டில் கேர்பர் எட்ஜ் பக்கம் ட்ரோன் பறக்கவிட்டு, நாயோடு நடக்கிற ஆட்களைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறது. கார்களின் இலக்கத்தகடு ஷெஃபீல்ட் முகவரிக்குப் போகிறதாம், ஆகவே இந்தப் பயணம் அத்தியாவசியம் இல்லையாம். அத்தியாவசியப் பயணம் என்ற சொல்லே 6ஆம் விதியில் இல்லை. நியாயமான காரணமா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. பக்ஸ்ரன் பக்கத்தில் நீலத் தண்ணீர்க் குவாரிக் குளத்துக்குக் கறுப்புச் சாயம் ஊற்றியதும் இதே பொலிஸ்தான், பார்க்க வருகிறவர்களை நிறுத்த. அந்தக் குளம் முடக்கம் இல்லாத காலத்திலும் குளிக்க உதவாதது, அது வேறு கதை.

முன்னாள் உச்ச நீதிமன்ற நீதியரசர் சம்ப்ஷன் பிபிசி வானொலியில் இதைத்தான் இன்று காய்ச்சினார். அமைச்சர்களின் விருப்பத்தை அமுல்படுத்துவது பொலிஸின் வேலை இல்லை, சட்டத்தில் இருப்பதை மட்டும் செய் என்பது அவர் வாதம்.

நேற்று அமைச்சர் மைக்கேல் கோவ் ரீவியில் ஒரு மணித்தியால நடை, அரை மணித்தியால ஓட்டம் என்கிற மாதிரிச் சொன்னார். இன்றைக்கே "60 நிமிடத்துக்குமேல் நடந்தால் தண்டம்" என்று வட்ஸ்அப்பில் ஓடுகிறது. அது பேச்சு. அவ்வளவுதான்.

30 மார்ச் 2020, ஹாரோ

அப்ப காரில போகலாம்?

30 மார்ச் 2020, குரொய்டன்

சட்டத்தில் தடை இல்லை. ஆனால் கார் ஓட்டம் கூடி நடை குறைந்தால், வெளியேறிய காரணம் உடற்பயிற்சி என்று நிறுவுவது உங்களுக்குத்தான் கஷ்டம். ரிச்மண்ட் பார்க் என்று மனதில் வைத்துக் கேட்டால், அங்கே காருக்குக் கதவு பூட்டு. ரோயல் பார்க்குகளை நடத்துகிறவர்களுக்குத் தனி அதிகாரம் உண்டு. சைக்கிளையும் நிறுத்திவிட்டார்கள், வேலைக்குப் போகிற சுகாதாரப் பணியாளரும் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளும் மட்டும் விலக்கு.

2 ஏப்ரல் 2020, கார்டிஃப்

மேலே எல்லோரும் இங்கிலாந்து விதியை பிரிட்டன் விதி மாதிரிக் கதைக்கிறீர்கள். வேல்ஸ் ஒழுங்குவிதி வேறு. இங்கே உடற்பயிற்சிக்கு வெளியேறுவது நாளுக்கு ஒரு தரத்துக்கு மேற்படாமல் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிரிஸ்டலில் இரண்டாவது நடைக்குச் சீட்டு எழுதேலாது, பாலம் தாண்டி நியூபோர்ட்டில் எழுதலாம். எல்லையில் இருக்கிறவர்கள் எந்தப் பக்கம் சப்பாத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

2 ஏப்ரல் 2020, லெஸ்டர்

பாருங்கள், எழுதுகிற அரசாங்கம் எழுதியிருக்கிறது. இங்கே எழுதாமல் விட்டது அவசரத்தில்.

2 ஏப்ரல் 2020, குரொய்டன்

அவசரமோ அலட்சியமோ, எழுதாததற்குத் தண்டம் இல்லை.

6 ஏப்ரல் 2020, ஈஸ்ட் ஹாம்

சட்டச் சண்டையை நீங்கள் பிடியுங்கள். சனிக்கிழமை 3,000 பேருக்குமேல் வந்தார்கள் என்று லம்பெத் கவுன்சில் ஞாயிறு பிறொக்வெல் பார்க்கைப் பூட்டியது. ரவர் ஹம்லெற்சில் விக்ரோறியா பார்க் மார்ச் கடைசியிலிருந்தே பூட்டு. சுகாதார அமைச்சர் ஹான்கொக், வெயிலுக்கு வந்து படுத்தால் வெளி உடற்பயிற்சியையே நிறுத்துவேன் என்கிறார். பார்க்கைப் பூட்டினால் ஆட்கள் எங்கே ஓடுவார்கள்? நடைபாதையில். உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணவில்லை.

கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தின் வீதி வடிவமைப்பு வழிகாட்டலில் நடைபாதைக்குச் சாதாரணமாக 2 மீற்றர் அகலம் வேண்டும், இடமில்லாவிட்டால் 1.5 மீற்றர் போதும் என்று இருக்கிறது. பழைய தொடர்வீடுகள் உள்ள வீதிகளில் அதுவும் இல்லை. குப்பை வாளி, விளக்குக் கம்பம், அரைவாசி ஏற்றி நிறுத்திய கார் எல்லாம் போக மிச்சம் ஒரு ஆளுக்குத்தான். தோள் அகலம் அரை மீற்றர் என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் நடுவில் 2 மீற்றர் இருக்க வேண்டுமென்றால் 3 மீற்றர் தேவை. ஆகவே ஒருவர் வீதிக்கு இறங்கியே ஆகவேண்டும். ஓடுகிறவர்தான் இறங்க வேண்டும். நடக்கிறவர் வயதானவராக இருக்கலாம், தள்ளுவண்டி இருக்கலாம், பொல்லு இருக்கலாம்.

இறங்குகிற முறை முக்கியம். வீதியின் வலதுபக்க நடைபாதையில் ஓடுங்கள். அப்போது உங்கள் நடைபாதையை ஒட்டி வருகிற வாகனம் உங்கள் முகத்துக்கு நேரே வரும், இறங்குமுன் கண்ணால் பார்க்கலாம். இடதுபக்கம் ஓடினால் அது முதுகுப்பக்கம் வரும். வீதி வெறிச்சோடிக் கிடப்பதால் இப்போது கார்கள் வழமையைவிட வேகம், மின்சாரக் காருக்குச் சத்தமும் இல்லை. காதில் இசை போட்டுக்கொண்டு பின்பக்கம் கேட்கும் என்று நம்ப வேண்டாம்.

எப்போது முடிவெடுப்பது? கிலோமீற்றருக்கு 6 நிமிடம் ஓடுகிறவர் விநாடிக்கு 2.8 மீற்றர் போகிறார். எதிரே நடந்து வருகிறவர் 1.4. இருவரும் நெருங்குவது விநாடிக்கு 4.2 மீற்றர். 20 மீற்றர் தூரத்தில் கண்டால் 5 விநாடிகூட இல்லை. அதற்குள் வாகனம் பார்த்து, நிறுத்திய கார்களுக்கிடையில் இடைவெளி பார்த்து இறங்கவேண்டும். ஆகவே 30, 40 மீற்றரிலேயே கண்ணைப் பார்த்துக் கையால் காட்டி இறங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒதுங்கினால் எதிரே வருகிறவரும் அதே பக்கம் ஒதுங்குவார். இருவரும் ஒரே பக்கம் ஆடி, நடுவில் அரை மீற்றரில் நிற்பீர்கள்.

பின்னால் இருந்து முந்துவது இதைவிட மோசம், அவருக்கு உங்களைத் தெரியாது. 10 மீற்றர் முன்னமே குரல் கொடுங்கள். கிட்ட வந்து கொடுத்தால் திடுக்கிட்டு உங்கள் பக்கம்தான் திரும்புவார். முந்தினவுடன் குறுக்கே வெட்டி மேலே ஏறவும் வேண்டாம். கொஞ்சம் போய் ஏறுங்கள்.

கால்வாய்க் கரைப் பாதையை விடுங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வேலி, ஒதுங்க இடமே இல்லை. பாலத்துக்குக் கீழே அது இன்னும் ஒடுங்கும். அழகான பாதை, இப்போதைக்கு ஆகாத பாதை. கட்டம் கட்டமாக வெட்டும் குடியிருப்பு வீதிகள்தான் நல்லவை, ஆளைக் கண்டால் அடுத்த முடக்கில் திரும்பலாம். துப்புகிற பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இருங்கள்.

9 ஏப்ரல் 2020, பாரிஸ் லா சப்பல்

லண்டன்காரர் ஒரு தரமா இரண்டு தரமா என்று அடிபடுகிறீர்கள். இங்கே மார்ச் 24இலிருந்து நாளுக்கு 1 மணித்தியாலம், வீட்டிலிருந்து 1 கிலோமீற்றர் ஆரைக்குள், தனியாக அல்லது வீட்டாரோடு. கையில் அத்தெஸ்தாசியோன், அதாவது வெளிக்கிடும் காரணத்தை எழுதின படிவம். அதில் வெளிக்கிட்ட நேரம் எழுதவேண்டும், மணித்தியாலம் அந்த நேரத்திலிருந்துதான் ஓடும். இல்லாவிட்டால் 135 யூரோ. 15 நாளுக்குள் திரும்பப் பிடிபட்டால் 200. 30 நாளுக்குள் நாலு தரம் என்றால் 3,750 யூரோவும் 6 மாதச் சிறையும் வரை போகலாம். நேற்றிலிருந்து பாரிசில் காலை 10 முதல் மாலை 7 வரை ஓட்டமும் இல்லை. நடக்கலாம்.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று: 1 கிலோமீற்றர் என்பது ஓடின தூரம் இல்லை, வரைபடத்தில் வீட்டை நடுவில் வைத்துக் கீறின வட்டம். அந்த வட்டத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம். ஜிபிஎஸ் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் பத்து இருபது மீற்றர் தள்ளிக் காட்டும். ஆகவே ஓரத்தில் ஓடாதீர்கள்.

ஒரு கணக்கு. வீட்டை நடுவில் வைத்து, பக்கம் 1.2 கிலோமீற்றரில் ஒரு சதுரம். மூலைகூட வீட்டிலிருந்து 850 மீற்றர்தான், எல்லைக்கு 150 மீற்றர் பாதுகாப்பு. வீட்டிலிருந்து பக்கத்துக்கு 600 மீற்றர், சுற்று 4.8, திரும்பி 600. மொத்தம் 6 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 6 நிமிடம் என்றால் 36 நிமிடம். இரண்டாவது சுற்றுப் போட்டால் 10.8 கிலோமீற்றர், 65 நிமிடம், பிடிபடுவீர்கள். அதற்குப் பதிலாகப் போகிற வழியில் பக்கம் 600 மீற்றரில் ஒரு சின்னச் சதுரத்தையும் சுற்றுங்கள், 2.4 கூடும். மொத்தம் 8.4 கிலோமீற்றர், ஏறத்தாழ 50 நிமிடம். மிச்சப் பத்து நிமிடம் மாடிப்படிக்கும் பொலிஸ் மறித்தால் கடதாசி காட்டவும். திங்கட்கிழமையிலிருந்து தொலைபேசியிலும் படிவம் வந்துவிட்டது. நேரத்தை உள்ளே இருந்து போட்டுவிட்டுச் சப்பாத்துத் தேடாதீர்கள். கட்டிக்கொண்டு போடுங்கள்.

9 ஏப்ரல் 2020, லெஸ்டர்

பகலில் ஓட்டத்தைத் தடை செய்தால் எல்லோரும் இரவு 7 மணிக்குத்தானே இறங்குவார்கள்? நெரிசலைக் குறைக்கப் போய் நெரிசலுக்கு நேரம் குறித்துக் கொடுத்த மாதிரி.

9 ஏப்ரல் 2020, பாரிஸ் லா சப்பல்

அதேதான். 7 மணிக்கு வீதியைப் பார்த்தால் போட்டி தொடங்கப் போகிறது என்று நினைப்பீர்கள்.

11 ஏப்ரல் 2020, ஈஸ்ட் ஹாம்

சிவப்பும் மஞ்சளும் புகை மாதிரி ஒரு ஓட்டக்காரர் படம் எல்லோருக்கும் வந்திருக்கும். அது காற்றியக்கவியல் ஆராய்ச்சியாளர் பேர்ட் புளொக்கனின் கணினிக் கணிப்பு. முன்னால் போகிறவரின் இழுவைக் காற்றுக்குள் நேர் பின்னால் வருகிறவருக்கு நடையில் 4, 5 மீற்றர், வேக ஓட்டத்திலும் மெதுவான சைக்கிளிலும் 10, வேகச் சைக்கிளில் 20 மீற்றர் இடைவெளி வேண்டும் என்கிறது. படத்தை அனுப்புகிறவர்கள் சொல்லாமல் விடுவது என்னவென்றால், இது காற்று அசையாத நிலையில் துளி எங்கே போகிறது என்ற கணக்கு. அந்தத் துளி தொற்றுமா, எவ்வளவு தேவை என்பதற்கு இதில் பதில் இல்லை. மற்ற விஞ்ஞானிகள் பரிசோதித்து வெளியான கட்டுரையும் அல்ல. எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடாதீர்கள், பக்கவாட்டாக விலகி ஓடுங்கள். அதற்குப் புகைப்படம் தேவையில்லை.

17 ஏப்ரல் 2020, குரொய்டன்

நேற்று பொலிஸ் தலைமைகளின் சபை, அரச வழக்குத்தொடுநர் துறையின் வாசிப்பை வைத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. மார்ச் 30இல் ஹாரோக்காரர் கேட்டதற்கு இப்போது எழுத்தில் பதில் இருக்கிறது. கிராமப்புறத்துக்குக் கார் ஓட்டிப் போய் நடப்பது, நடை நேரம் ஓட்டிய நேரத்தைவிட மிகக் கூடவாக இருந்தால், நியாயம். நீண்ட தூரம் ஓட்டிக் கொஞ்சம் நடந்தால் நியாயமில்லை. நீண்ட நடையில் இருந்து களைப்பாறிச் சாப்பிடலாம். வாங்கு வரைக்கும் சின்ன நடை நடந்து, அதைவிட நெடுநேரம் வாங்கில் இருந்தால் அது உடற்பயிற்சி இல்லை. இது சட்டம் இல்லை, ஆனால் சீட்டு எழுதுகிறவரின் கையில் இருக்கிற கடதாசி. அதனால் இதற்கு மதிப்பு உண்டு.

17 ஏப்ரல் 2020, ஹாரோ

அம்மாவுக்கு முழங்கால் நோ. பத்து நிமிஷம் நடந்தால் பத்து நிமிஷம் வாங்கில இருக்க வேணும். அவவுக்குச் சீட்டோ?

17 ஏப்ரல் 2020, குரொய்டன்

இல்லை. "நியாயமான" என்பது ஆளைப் பொறுத்தது. முழங்கால் நோவோடு இருந்து இருந்து நடப்பதுதான் அவருக்கு உடற்பயிற்சி. பொலிஸ் கேட்டால் இதையே சொல்லட்டும்: எங்கிருந்து வந்தேன், எங்கே போகிறேன், ஏன் இருக்கிறேன். சட்ட இலக்கம் சொல்லி வாதாடத் தேவையில்லை. பேசு, விளக்கு, ஊக்குவி, சரிவராவிட்டால் மட்டும் அமுல்படுத்து என்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த ஒழுங்கு. முதல் மூன்றில் முடித்துக்கொண்டால் நல்லது.

23 ஏப்ரல் 2020, குரொய்டன்

இங்கிலாந்து விதி நேற்று திருத்தப்பட்டது. முன்பு வெளியேறுவது மட்டும்தான் குற்றம். ஓடப் போகிறேன் என்று நியாயமாக வெளிக்கிட்டு, ஓடி முடித்த பிறகு பார்க்கில் மூன்று மணித்தியாலம் கிடந்தால் வெளியேறியபோது குற்றம் இல்லையே என்று வாதாடலாம். இப்போது வெளியேறவோ வெளியே இருக்கவோ கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். காரணம் முடிந்தால் வீட்டுக்கு வரவேண்டும்.

26 ஏப்ரல் 2020, கார்டிஃப்

இங்கேயும் திருத்தம். வீட்டுக்கு முடிந்தளவு கிட்ட உள்ள இடத்தில் செய்யவேண்டும் என்று இறுக்கினார்கள். கூடவே உடல்நிலை அல்லது மாற்றுத்திறன் காரணமாகத் தேவையென்றால் ஒரு தரத்துக்கு மேலும் போகலாம் என்று தளர்த்தினார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

14 மே 2020, குரொய்டன்

நேற்றிலிருந்து இங்கிலாந்தில் வேறு வீட்டுக்காரர் ஒருவரோடு ஓடலாம், நடக்கலாம். திறந்தவெளியில் பொழுதுபோக்க இருக்கலாம், ஆகவே வாங்குச் சண்டை முடிந்தது. கொல்ஃப், ரெனிஸ் திறப்பு. தண்டம் 100 ஆக ஏறியது, 14 நாளுக்குள் 50, இரட்டித்து இரட்டித்து 3,200 வரை. எவ்வளவு தூரமும் ஓட்டலாம், ஆனால் வேல்ஸ் எல்லையைத் தாண்டக் கூடாது.

14 மே 2020, கார்டிஃப்

தாண்டினால் எங்கள் பொலிஸ் திருப்பி அனுப்பும். இங்கே திங்கட்கிழமையிலிருந்து எத்தனை தரமும் வெளிக்கிடலாம். கிட்டத்தில் மட்டும்.

6 ஓகஸ்ட் 2020, மெல்பேர்ண்

உங்களுக்கு முடிந்து எங்களுக்குத் தொடங்கியிருக்கிறது. 2ஆம் திகதியிலிருந்து நாளுக்கு 1 மணித்தியாலம், 5 கிலோமீற்றர் ஆரை, இரவு 8 முதல் காலை 5 வரை ஊரடங்கு, தண்டம் 1,652 டொலர். கூட ஒருவர் வரலாம், அதற்குமேல் இல்லை. முகக்கவசம் கட்டாயம். ஓடி மூச்சு வாங்கும்போது கழற்றலாம், கையில் இருக்கவேண்டும். நின்றாலோ நடந்தாலோ உடனே போடவேண்டும். துணிக் கவசம் வியர்வையில் நனைந்தால் மூச்சு இழுக்கவே ஏலாது, ஆகவே ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு இடுப்பில் சொருகுங்கள், ஓடி முடிய அதைப் போடுங்கள்.

இங்கே குளிர்காலம். காலை 7 மணிக்குப் பிறகுதான் வெளிச்சம், பின்னேரம் ஐந்தரைக்கு இருட்டு. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கும் மதிய இடைவேளையில்தான் வெளிச்சம் கிடைக்கும். நகரம் முழுக்க அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் பாதையில் நிற்கிறது. லெஸ்டர்காரர் பாரிசுக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

15 செப்ரெம்பர் 2020, மெல்பேர்ண்

நேற்றிலிருந்து 2 மணித்தியாலம், இரண்டாகப் பிரித்து எடுக்கலாம். மூன்றாகப் பிரிக்கேலாது.

9 ஜனவரி 2021, ஹாரோ

திரும்பவும் முதல் கேள்விதான். ஒரு தரமா?

9 ஜனவரி 2021, குரொய்டன்

வழிகாட்டலில் நாளுக்கு ஒரு தரம், உங்கள் ஊர்ப்பகுதிக்குள். சட்டத்தில் இரண்டும் இல்லை. சட்டத்தில் இருப்பது: தனியாக, வீட்டாரோடு, உதவிக்காக ஒரே வீடு மாதிரி இணைத்துக்கொண்ட வீட்டாரோடு, அல்லது வேறு வீட்டார் ஒருவரோடு பொது வெளியில். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அந்த இரண்டு பேர்க் கணக்கில் வரமாட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நவம்பர் லொக்டவுனில் திறந்தவெளிப் பொழுதுபோக்கும் அனுமதியில் இருந்தது. இந்த முறை அதை வெட்டிவிட்டார்கள். உடற்பயிற்சி மட்டும். ஆகவே மே மாதம் முடிந்த வாங்குச் சண்டை உயிர்த்திருக்கிறது, ஏப்ரல் 17 குறிப்பைத் திரும்ப வாசியுங்கள். தண்டம் இப்போது 200, 14 நாளுக்குள் 100, கூரை 6,400.

டர்பிஷயர் பொலிஸ் மறுபடியும். ஃபோர்மார்க் நீர்த்தேக்கத்தில் தனித்தனிக் காரில் வந்து சேர்ந்து நடந்த இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு 200. வீட்டிலிருந்து 5 மைல்தான். கையில் இருந்த சூடான பானம் சுற்றுலாச் சாப்பாட்டுக்குச் சமமாம். இரண்டு பேர் நடப்பது விதியில் உள்ள அனுமதி, குவளை பிடித்துக்கொண்டு நடக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. இந்தச் சீட்டு நிற்காது.

12 ஜனவரி 2021, குரொய்டன்

நிற்கவில்லை. நேற்று மீளப்பெற்று மன்னிப்பும் கேட்டார்கள். அதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை பிரதமர் டவுனிங் வீதியிலிருந்து 7 மைல் தள்ளி ஒலிம்பிக் பார்க்கில் சைக்கிள் ஓடினது தெரியவந்தது. இன்று லண்டன் பொலிஸ் ஆணையாளர் கிரெசிடா டிக், வீட்டு வாசலில் தொடங்கி வாசலில் முடிப்பதே தன் வாசிப்பில் நியாயமானது என்கிறார். பிரதமர் செய்தது சட்டத்துக்கு விரோதம் இல்லை என்றும் சொன்னார். 5 மைல் தண்டத்துக்கும் 7 மைல் சைக்கிளுக்கும் சட்டம் ஒன்றுதான்: மைல் அதில் இல்லை.

12 ஜனவரி 2021, லெஸ்டர்

சட்டம் தெரிந்து என்ன? போன மார்ச்சில் நான் சொன்னது இன்னும் நிற்கிறது. "ஊர்ப்பகுதிக்குள்" என்று சொன்னவரே 7 மைல் போனால் சனம் எதைக் கேட்கும்? விதியை எழுதவும் மாட்டார்கள், சொன்னதைக் கடைப்பிடிக்கவும் மாட்டார்கள்.

12 ஜனவரி 2021, குரொய்டன்

பத்து மாதத்தில் முதல் தரமாக நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறோம்.

9 மார்ச் 2021, குரொய்டன்

நேற்றிலிருந்து ஒருவரோடு வாங்கில் இருந்து கோப்பி குடிக்கலாம், பொழுதுபோக்கு திரும்பவும் விதிக்குள் வந்துவிட்டது. வீட்டுத் தோட்டத்துக்குள் இன்னும் இல்லை.

29 மார்ச் 2021, ஹாரோ

இண்டைக்குத் திறந்தாச்சு. பழைய மாணவர் கிரிக்கெட் அணி பயிற்சிக்கு 14 பேர் வரலாமோ? ஆறு பேர் எண்டெல்லே சொல்லுகினம்.

29 மார்ச் 2021, ஈஸ்ட் ஹாம்

பார்க்கில் நீங்களாகக் கூடினால் ஆறு பேர், அல்லது இரண்டு வீட்டார். கைக்குழந்தையும் ஆறில் ஒன்று. கழகமாகப் பதிந்து, கிரிக்கெட் சபையின் வழிகாட்டலின்படி ஒழுங்குசெய்தால் அந்த எண்ணிக்கை பொருந்தாது, 14 பேரும் வரலாம். பார்வையாளர் இல்லை. உடை மாற்றும் அறை பூட்டு, வெள்ளை உடுப்போடேயே வாருங்கள். பந்தில் எச்சில், வியர்வை பூசக்கூடாது. 6 ஓவருக்கு ஒருக்கா, அல்லது 20 நிமிடத்துக்கு ஒருக்கா நிறுத்தி எல்லோரும் கை சுத்தம் செய்து பந்தையும் துடைக்கவேண்டும். துடைக்கிற ஈரத்தாளை முதலே வாங்கி வையுங்கள், மைதானத்தில் போய்த் தேடினால் கிடைக்காது. நடுவரிடம் தொப்பியும் ஸ்வெற்றரும் கொடுக்கேலாது, எல்லைக்கோட்டுக்கு வெளியே அவரவர் பையில் வைக்கவும்.

29 மார்ச் 2021, ஹாரோ

எச்சில் இல்லாமல் எங்கட ஆக்கள் பந்து போட்டு நான் பார்த்ததில்லை. சரி, ஈரத்தாள் எத்தினை பெட்டி?

29 மார்ச் 2021, ஈஸ்ட் ஹாம்

இரண்டு மணித்தியாலப் பயிற்சிக்கு நிறுத்தம் ஆறு. 14 பேருக்கும் பந்துக்கும் ஒரு நிறுத்தத்துக்கு 15 தாள். 90 தாள். நூறு உள்ள பெட்டி ஒன்று காணும், ஒருவரும் வீட்டுக்குக் கொண்டு போகாவிட்டால்.